மை பூசத் தேவையில்லாதவர்கள்

போன டிசம்பர் முதல் சனிக்கிழமை நானும் யோகன் அண்ணையும் ஸ்கீவவிலிருந்து ஓர்ஹூஸுக்குப் போனோம். ஒரு ரெலிபோன் எடுப்பதற்காக. ஸ்கீவவில் ரெலிபோன் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. இல்லாதது ஒல்லாந்த மொழி தெரிந்த ஒரு வாய்.

யோகன் அண்ணை மட்டக்களப்பு ஆள். இந்த டெனிஷ் நாட்டில் பன்றி வெட்டும் தொழிற்சாலை ஒன்றில் என்னோடு வேலை செய்கிறார். மனைவி இன்னும் ஊரில். மகள் தர்சினியை நாலு வயதில் ஒரு ஏஜென்சிக்காரனோடு இங்கே அவரிடம் அனுப்பினார்கள். அவன் ஆம்ஸ்ரடாம் விமான நிலையத்தில் பிள்ளையை ஒரு கதிரையில் இருத்திவிட்டு மறைந்துவிட்டான். இப்போது அவளுக்கு ஏழு வயது. ஒல்லாந்துக் குடும்பம் ஒன்று வளர்க்கிறது. நல்ல சனம்தான். ஆனால் பிள்ளைக்குத் தமிழ் போய்விட்டது. அண்ணை ரெலிபோன் எடுத்துத் தமிழில் கேட்பார், அவள் ஏதோ சொல்வாள், பிறகு இரண்டு பக்கமும் மூச்சுச் சத்தம்தான்.

மனைவியையும் மகளையும் அழைக்க அவர் கொடுத்த குடும்ப இணைப்பு விண்ணப்பத்துக்குப் பதில் இல்லை. சட்டத்தில் உரிமை இருக்கிறது. எங்கள் ஆட்களின் விண்ணப்பங்கள் மட்டும் ஏன் அசைவதில்லை என்று இப்போதுதான் டெனிஷ் பத்திரிகைகள் கேட்கத் தொடங்கியிருக்கின்றன. எங்களுக்கு அது செய்தி அல்ல.

ஓர்ஹூஸில் ஒல்லாந்துப் பேராசிரியர் ஒருவர் இருப்பதாக மொழிப் பள்ளி ஆசிரியை சொன்னார். கடிதம் போட்டோம். சனிக்கிழமை தங்கள் பிள்ளைகளுக்கு ஒரு விழா நடக்கிறது, அது முடிய என் அறையிலிருந்து பேசலாம், நானே மொழிபெயர்க்கிறேன் என்று பதில் வந்தது.

ஸ்கீவவிலிருந்து ஏறக்குறைய நூறு கிலோமீற்றர். விபோர்க் தாண்டி லாங்கோவில் ரெயில் மாற வேண்டும். காத்திருப்பதையும் சேர்த்து இரண்டு மணித்தியாலம் பிடித்தது. போக வர ஆளுக்கு நூற்றிருபது குரோனர். லாங்கோவில் காற்று காதை அறுக்கும், தொப்பி கொண்டுபோங்கள். அண்ணை கல்யாணத்துக்குப் போகிறவர் மாதிரி கோட்டும் ரையும் போட்டிருந்தார்.

"ரெலிபோனிலை உடுப்புத் தெரியாது அண்ணை."

"எனக்குத் தெரியுமடா."

விழா நடந்தது பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் ஒரு மண்டபத்தில். நாலு மணிக்கே இருட்டிவிட்டது. வாசலில் நின்ற பெண் எங்களைக் கண்டதும் முகம் மலர்ந்து, ஏதோ ஒல்லாந்த மொழியில் சொல்லி, கையைப் பிடிக்காத குறையாகத் திரைக்குப் பின்னால் அனுப்பிவிட்டார். அங்கே மூன்று மாணவர்கள் வெல்வெற் உடுப்பும் இறகுத் தொப்பியும் போட்டு, கண்ணாடிக்கு முன்னால் முகம் முழுக்கக் கறுப்பு மை அப்பிக்கொண்டிருந்தார்கள். உதட்டுக்குச் சிவப்பு. காதில் பெரிய வளையம்.

அதில் ஒருத்தன் எங்களைத் திரும்பிப் பார்த்தான். "அட, நீங்கள் எந்த மை வாங்கினீர்கள்? எவ்வளவு ஒழுங்காகப் பிடித்திருக்கிறது!" என்று டெனிஷில் கேட்டான்.

அண்ணை ரையைச் சரிசெய்தார். "இது பிறக்கேக்கையே பூசினது எண்டு சொல்லு தம்பி" என்றார். அவர் சொன்னபடியே டெனிஷில் சொன்னேன். அந்தப் பெடியன் வெட்கத்தில் சிவந்தானோ தெரியாது. மை மறைத்துவிட்டது.

விஷயம் இதுதான். ஒல்லாந்தரின் பிள்ளைகளுக்கு டிசம்பரில் ஒரு புனிதர் கப்பலில் வந்து பரிசு கொடுப்பார். பெயர் சிந்தர்க்லாஸ். மூட்டை தூக்க அவருக்குக் கறுப்பு வேலைக்காரர்கள். பீட் என்று பெயர். பீட் துள்ளுவான், விழுவான், பிள்ளைகள் கைகொட்டிச் சிரிப்பார்கள். அன்றைக்கும் சிரித்தார்கள். ஒரு சின்னப் பெண் வந்து அண்ணையின் புறங்கையை விரலால் தேய்த்து, விரலைப் பார்த்தாள். தாய் ஓடிவந்து இழுத்துக்கொண்டு போனார். அண்ணை கையைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

புனிதராக வேஷம் கட்டியவர்தான் பேராசிரியர். சிவப்பு அங்கியோடேயே எங்களை அறைக்குக் கூட்டிப்போனார், பஞ்சுத் தாடி கழுத்தில் தொங்கியது. சுவர் முழுக்கப் புத்தகம். இருபது வருடத்துக்கு மேலாக இங்கே படிப்பிக்கிறாராம். மூன்று மாணவர்களோடு தொடங்கியது. புத்தகங்களைத் தானே ஊரிலிருந்து பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்து சேர்த்தாராம். திங்களில் பெரியவர்களுக்கு ஒல்லாந்த மொழி வகுப்பு, சனிக்கிழமைகளில் இங்கே பிறந்த ஒல்லாந்துப் பிள்ளைகளுக்கு எழுத்தும் பாட்டும். ஒரு பிள்ளை டெனிஷில் பதில் சொன்னால், விளங்காதவர் மாதிரி நிற்பாராம். வீட்டில் பிள்ளைகளோடு டெனிஷ் பேசுங்கள் என்று கொம்யூன் கந்தோரில், அதாவது நகரசபை அலுவலகத்தில், எங்களுக்குப் புத்தி சொல்கிறார்கள். இவருடைய சனிக்கிழமை வகுப்பை எல்லோரும் பாராட்டுகிறார்களாம்.

மட்டக்களப்பு என்றதும் அவர் துள்ளிவிட்டார். "அங்கே எங்கள் கோட்டை இருக்கிறது!"

"ஓம், இப்ப அதுக்குள்ளை கச்சேரி, அரசாங்கக் கந்தோர்" என்றார் அண்ணை. கந்தோர் என்ற சொல் ஒல்லாந்தரிடமிருந்து வந்தது தெரியுமா என்று பேராசிரியர் கேட்டார். அண்ணை என்னைப் பார்த்து, "கக்கூசும் அவையள் தந்ததுதான், அதுக்கும் நன்றி சொல்லு" என்றார். அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

ஐந்து மணிக்கு ரெலிபோன் எடுத்தோம். றிசீவரைப் பேராசிரியர் தன் காதுக்கும் அண்ணையின் காதுக்கும் நடுவில் பிடித்தார்.

"புள்ள, அப்பா கதைக்கிறன்."

மறுபக்கம் மூச்சு. அண்ணை தமிழில் கேட்டதை நான் டெனிஷில் சொன்னேன், பேராசிரியர் ஒல்லாந்த மொழியில் கேட்டார், உடனே அந்தப் பக்கம் குழாய் திறந்த மாதிரிக் கொட்டியது. பேராசிரியர் சிரித்துக்கொண்டே சொல்லிக்கொண்டு வந்தார்: பூனை குட்டி போட்டிருக்கிறது, ஒரு பல் விழுந்துவிட்டது, நேற்றுப் பள்ளிக்கூடத்தில் சிந்தர்க்லாஸ் விழா, இவள்தான் பீட்.

அதற்குப் பிறகு அவள் சொன்னதை அவர் சொல்லவில்லை.

"ஏன் நிப்பாட்டிப் போட்டார்? கேள் தம்பி."

கேட்டேன். அவர் தாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "மற்றப் பிள்ளைகளுக்கு மை பூசினார்களாம். உனக்குத் தேவையில்லை என்று ஆசிரியை சொன்னாராம்." பிறகு, "இப்போது கேட்கிறாள், அப்பாவுக்கும் தேவையில்லையா என்று."

மூன்று வருடத்துக்கு மேல். பிள்ளைக்குத் தகப்பனின் முகம் நினைவில்லை. நிறம்கூட நினைவில்லை.

அண்ணை றிசீவரை வாங்கினார். "யா" என்றார். டெனிஷிலும் அதுதான், அங்கேயும் அதுதான். தர்சினி சிரித்தது எனக்கும் கேட்டது. சந்தோஷமான சிரிப்பு. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ரெலிபோன் வைத்த பிறகு நான் பேராசிரியரைக் கேட்டேன்: "அடுத்த வருடமும் மை பூசுவீர்களா?"

"இது பிள்ளைகளின் விழா. இதில் யாரையும் இழிவு செய்கிற எண்ணமில்லை."

"அவள் சொன்னதை நீங்கள்தானே மொழிபெயர்த்தீர்கள்?"

அவர் பஞ்சுத் தாடியை எடுத்து மடிக்கத் தொடங்கினார். இன்னும் கேட்டிருப்பேன். அண்ணை என் முழங்கையைப் பிடித்தார். "நீ உன்ர கோவத்தை ரெயிலிலை காட்டு. எனக்கு இந்த மனுசன் வேணும். திங்கள் வகுப்பு எத்தினை மணிக்கு எண்டு கேள்."

வகுப்பு ஆறரைக்கு. அதோடு ஒல்லாந்த மொழியில் ஒரு வசனமும் அண்ணை எழுதி வாங்கினார். வீடு திரும்பும் வழியெல்லாம், லாங்கோ மேடையில் குளிரிலும், அதையே சொல்லிச் சொல்லிப் பார்த்தார். ரெயிலில் எதிரில் இருந்த கிழவி இடம் மாறி உட்கார்ந்தார். தமிழில் அதன் பொருள்: உன் மூக்கு அம்மாவின் மூக்கு, உன் நிறம் என் நிறம்.

ஒல்லாந்தில் பிள்ளைகளோ சகோதரங்களோ சிக்கியிருப்பவர்கள் ஸ்கீவ, ஹொல்ஸ்டெப்ரோ, ஹோர்சன்ஸ் எங்கும் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். போங்கள். திங்கள் வகுப்புக்குக் கட்டணம் இல்லை. அந்த மனிதர் மொழியை உயிரைக் கொடுத்துப் படிப்பிக்கிறார், அதில் பொய் சொல்ல மாட்டேன். அவர் தன் பிள்ளைகளுக்குச் செய்வதை எங்கள் பிள்ளைகளுக்கு யாரும் செய்யவில்லை, நாங்களும் செய்யவில்லை. ஆனால் டிசம்பர் முதல் வாரம் உங்கள் சின்னப் பிள்ளைகளைக் கூட்டிப்போக வேண்டாம்.

அண்ணை ஒவ்வொரு திங்களும் போகிறார். இரண்டாவது ரெலிபோனில் அந்த வசனத்தைத் தானே சொன்னார். தர்சினி இரண்டு தரம் திருப்பிச் சொல்லச் சொன்னாளாம். பிறகு, தன் மூக்கு எப்படியிருக்கிறது என்று பார்க்கக் கண்ணாடியைத் தேடி ஓடிவிட்டாளாம். அண்ணை றிசீவரைப் பிடித்தபடி காத்திருந்திருக்கிறார்.