பூஜைக்கு முன்னால் ஒரு கரண்டி பொங்கல்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தள்ளிப்போட்டேன். பெண் பிள்ளை விஷயம், நாளைக்கு யார் என்ன பேசுவார்களோ என்ற பயம். இப்போது மகளே, "எழுதுங்கம்மா, பேரு மட்டும் போட்டுடாதீங்க" என்று சொல்லிவிட்டதால் எழுதுகிறேன்.

திருப்பூரில் வீரபாண்டிப் பக்கம் எங்கள் வீடு. நான் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன். மகள் மூன்றாம் வகுப்புப் படித்த வருஷம், தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகும்போது நடந்தது இது.

அவளுக்கு ஏ.டி.எச்.டி. என்று கோயம்புத்தூர் டாக்டர் சொல்லியிருந்தார். ஓர் இடத்தில் உட்கார மாட்டாள், ரோடு என்றும் பார்க்காமல் ஓடுவாள். மாத்திரை ஆரம்பித்த பிறகுதான் ஒரு பாடத்தை முழுசாகப் படித்தாள். ஆனால் அந்த மாத்திரை பசியை அடக்கிவிட்டது. மத்தியானச் சோற்று டப்பா அப்படியே திரும்பி வரும். எடை குறைந்துகொண்டே போனது. இன்னும் குறைந்தால் மாத்திரையை நிறுத்த வேண்டி வரும் என்றார் டாக்டர். சாப்பாடு ஏ.டி.எச்.டி.யைப் போக்காது. ஆனால் மாத்திரைக்கு முன்னால் முட்டை, பயறு, பால், கடலை என்று வயிறு நிறையக் கொடுங்கள், சாயங்காலம் பசி திரும்பும்போது மறுபடி கொடுங்கள் என்று புரியும்படி சொன்னார். அதுவரை ஷிப்டுக்கு ஓடும் அவசரத்தில் டீயும் பேக்கரி வர்க்கியும் கொடுத்து அனுப்பிய வீடு எங்களுடையது. அன்றோடு மாற்றினோம். எடை குறைவது நின்றது.

அந்த மார்கழியில் நாங்கள் மாலை போட்டபோது மகளும் அடம்பிடித்துப் போட்டுக்கொண்டாள். விரதத்தில் முட்டை ஆகாது. பாசிப்பயறும் நிலக்கடலையும் வைத்துச் சமாளித்தேன். எழுந்ததும் குளித்துப் பூஜையை முடித்துவிட்டு ஊட்டிவிடுவேன். நடைப்பயணத்தில்தான் சங்கடம் வந்தது. பூஜை முடியாமல் எங்கள் குழுவில் யாரும் வாயில் எதுவும் வைக்கக் கூடாது.

தாராபுரம் தாண்டி ஓர் அன்னதானப் பந்தல். பொங்கல் தயார். ஆனால் எங்கள் காவடி பின்னால் வந்துகொண்டிருந்தது, அது வந்தால்தான் பூஜை. வெயில் ஏறிக்கொண்டே இருந்தது. எங்கேயோ மேளச் சத்தம் கேட்டு மகள் என் கையை உதறிவிட்டு ரோட்டின் நடுவே ஓடினாள். ஒரு பஸ் பிரேக் போட்டு அவளுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. ஓடிப்போய் அவளை ஓரமாக இழுத்து வந்தேன். உடனே மாத்திரை கொடுத்தாக வேண்டும். வெறும் வயிற்றில் கொடுத்தால் அதற்கப்புறம் சாயங்காலம் வரை ஒரு வாய் இறங்காது. அந்த வெயிலில் பிள்ளை எப்படி நடப்பாள்?

மகளுக்கு மட்டும் முதலில் கொடுக்கலாமா என்று குழுவில் மூத்த அம்மாவிடம் போய்க் கேட்டேன்.

"செத்த நேரம் பசி பொறுக்காத புள்ளைக்கு மாலை எதுக்குங்க அம்மிணி?" என்றார்.

என் வீட்டுக்காரரும் சாமி குத்தம் ஆகிவிடுமே என்று தயங்கினார். நான் மகளைக் கூட்டிக்கொண்டு நேராகப் பந்தலுக்குள் போனேன். முன்பின் தெரியாத ஒருவர் அண்டா பக்கத்தில் நின்றிருந்தார். சொந்தக்காரர்களிடம்கூட மறைத்து வைத்திருந்த மாத்திரை விஷயத்தை அத்தனை பேர் காதிலும் விழும்படி அவரிடம் சொன்னேன்.

அவர் மகளைப் பார்த்து, "பொங்கல் புடிக்குங்களா கண்ணு?" என்று மட்டும் கேட்டார். அண்டாவைத் திறந்து முதல் கரண்டியை அவள் இலையில் வைத்தார். சுண்டலும் அள்ளி வைத்தார். பிறகு எங்கள் குழுவைப் பார்த்துச் சொன்னார்:

"சாமிக்கு வெச்சாச்சுங்க. காவடி வந்ததும் தீபம் காட்டிக்கலாம்."

மகள் மறுபடி இலையை நீட்டினாள். "முருகன் இன்னொரு கரண்டி கேக்கறாருங்கோ" என்றார் அவர். கூட்டம் சிரித்துவிட்டது. என்னைக் கேட்ட அந்த அம்மாவே வந்து பக்கத்தில் உட்கார்ந்து, சூடு ஆற விசிறினார். வயிறு நிறைந்த பிறகு மாத்திரை கொடுத்தேன். அன்று என் கையைப் பிடித்துக்கொண்டே நடந்தாள், பழனி போய்ச் சேர்ந்ததும் மலையும் ஏறினாள்.

இப்போது ஒன்பதாவது படிக்கிறாள். டாக்டர் சொன்னபடி மாத்திரை தொடர்கிறது. நேரமாகிவிட்ட நாளில் அவள் தட்டில் வைத்த பிறகுதான் விளக்கேற்றுகிறேன். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டான் என்பதில் எனக்குத் துளி சந்தேகம் இல்லை. பிள்ளை பசியாறும் வரை அவன் காத்திருப்பான் என்பதை அந்தப் பந்தலில் கண்ணால் பார்த்தவள் நான்.

இப்படி ஒரு பிள்ளை இருக்கிற வீடு உங்களுக்குத் தெரிந்திருந்தால் இதைச் சொல்லுங்கள். பழனிக்குப் போனதும் மாத்திரையே வேண்டாமல் போனது என்றோ, பயறு தின்றே சரியானது என்றோ சேர்த்துவிடாதீர்கள். அப்படி நம்பி ஒரு தாய் மருந்தை நிறுத்திவிடக் கூடாது. நடந்ததை நடந்தபடியே சொல்லுங்கள்.