இடத்துக்கு இடம் பெருக்கிய கை

2024 ஜூலை 9, செவ்வாய்க்கிழமை. காலை 4.50-க்கு எழுந்தேன். வாசல் தெளித்து, குளித்து, 5.20-க்கு மாரியம்மன் படத்துக்கு முன் விளக்கேற்றினேன். 7.10-க்கு கம்பெனி வேன். நாட்குறிப்பில் இவ்வளவும் இருக்கிறது. அன்று வேண்டிக்கொண்டதும் இருக்கிறது.

ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனி ஆபீசில் பத்தொன்பது வருடமாக ஆர்டர் பார்க்கிறேன். வயது நாற்பத்தாறு. இனி அந்த நாற்காலி பட்டம் வாங்கினவருக்குத்தான், இல்லாவிட்டால் பேக்கிங் ஷெட்டுக்குப் போ என்று சொல்லிவிட்டார்கள். தபால் வழியில் பி.பி.ஏ. சேர்ந்தேன். மேட்ரிக்ஸ் என்கிற அணிக் கணக்குப் பேப்பரில் மட்டும் இரண்டு முறை தோற்றேன். ஜூலை 14 கடைசி வாய்ப்பு. அதுவும் போனால் படித்ததெல்லாம் வீண்.

அம்மனிடம் இரண்டு கேட்டேன். எனக்குப் புரியவைக்க ஆள் அனுப்பு. முதலாளியின் தம்பி மகன் வாயை அடை. அவருக்கு இருபத்தாறு வயது, எம்.பி.ஏ. படித்தவர். என்னைக் கண்டாலே "மேனேஜரம்மா" என்பார்.

அன்று பழைய ஆர்டர் தாளின் பின்பக்கம் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, மறந்து ஃபைலோடு ஷெட்டுக்கு அனுப்பிவிட்டேன். மதியச் சாப்பாட்டு நேரம், நானும் ஷெட்டில்தான் இருந்தேன். முப்பது பெண்களுக்கு நடுவில் நின்று அவர் அதைத் தூக்கிப் பிடித்தார்.

"மேனேஜரம்மா பரீட்சைக் கணக்கப் பாருங்கடி! ஏ முத்துமாரி, சின்னப் பெட்டி பத்து, பெரிய பெட்டி அஞ்சு ஆர்டரு. சின்னதுல சரம் ரெண்டு, பெரியதுல நாலு. மொத்தம் எம்புட்டு?"

முத்துமாரி பள்ளிக்கூடம் போனதில்லை. வாயில் சோற்றோடு சொன்னாள், "நாப்பது."

"பாத்தீகளாக்கா? இவளுக்குத் தெரியுது. வரிசையில உள்ளத நெடுக்க உள்ளதோட ஒவ்வொண்ணாப் பெருக்கிக் கூட்டணும். நீங்க இடத்துக்கு இடம் பெருக்கி வச்சிருக்கீக. இந்த மண்டைக்கு எதுக்குப் படிப்பு?"

எல்லோரும் சிரித்தார்கள். முத்துமாரியும்.

கழிப்பறையில் போய் அழுதேன். அழுதுகொண்டிருக்கும்போதே புரிந்தது. பத்தொன்பது வருடமாக ஆர்டர் தாளையும் பேக்கிங் தாளையும் பக்கத்தில் வைத்து, கட்டத்துக்குக் கட்டம் டிக் அடித்த கை இது. பெருக்கிக் கூட்டும் விதியை மனப்பாடம் செய்திருந்தேன்; எதற்கென்று தெரியாது, அதனால் பரீட்சையில் கை பழைய வழிக்கே போனது. ஒரு அணி ஆர்டர், இன்னொன்று பெட்டிக்குள் இருப்பது. பெருக்கிக் கூட்டாமல் மொத்தச் சரம் எப்படி வரும்?

ஐந்து நாள் எல்லாக் கணக்கையும் பெட்டியும் சரமுமாக மாற்றிப் போட்டேன். செப்டம்பர் 20, வெள்ளி, ரிசல்ட். ஐம்பத்தெட்டு மார்க். நாற்காலி எனக்கே என்று முதலாளி சொன்னார்.

அம்மனை நம்புகிறவர்களே, நான் கேட்ட ஆளை அவள் அன்றைக்கே அனுப்பினாள். எந்த வாயை அடைக்கச் சொன்னேனோ, அந்த வாயாலேயே எனக்குச் சொல்லித்தந்தாள். அந்தச் சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது, வலிக்கிறது. இருந்தாலும் அவளுக்கு நன்றி. நீங்களும் கேளுங்கள். யார் மூலம் தர வேண்டும் என்று மட்டும் அவளுக்குச் சொல்லாதீர்கள்.

ரிசல்ட் வந்த மறுநாள் காலை 7.40. முதல் வேலையாக, கோயில் குங்குமத்தை முதலாளியின் தம்பி மகன் மேசையில் வைத்தேன்.

"பாஸா? திருத்துனவன் தூங்கிட்டானாக்கா?" என்றார்.

"எடுத்துக்கோங்க தம்பி" என்றேன்.