கீழே நிற்கிற ஆள்

மில்லில் பெண்கள் நாங்கள் எல்லா ஆண்களையும் அண்ணே என்றுதான் கூப்பிடுவோம். ஃபிட்டர் அண்ணே, வேன் டிரைவர் அண்ணே, கேன்டீன் அண்ணே. அவர் ஒருவரை மட்டும் அப்படிக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. பேச வேண்டியிருந்தால் லிஃப்டின் கம்பியை ஸ்பேனரால் தட்டுவேன். மேலேயிருந்து எட்டிப் பார்ப்பார்.

ஆண்டிபட்டிக்குப் பக்கத்தில் இருக்கிற பஞ்சாலை அது. ஐ.டி.ஐ. முடித்துவிட்டு எலெக்ட்ரிக்கல் பிரிவில் சேர்ந்திருந்தேன். ஷெட்டுகளில் பழைய டியூப் லைட்டுகளைக் கழற்றிவிட்டு எல்.இ.டி. மாட்டும் வேலையைக் காண்ட்ராக்டுக்கு விட்டிருந்தார்கள். காண்ட்ராக்டர் ஆளாகக் கம்பத்திலிருந்து வந்தவர்தான் அவர். உயரத்தில் நின்று வேலை செய்ய ஒரு சிசர் லிஃப்டை வாடகைக்குக் கொண்டுவந்தார்கள். அடியில் இருக்கும் கால்கள் கத்தரிக்கோல் போல விரிந்து, ஆள் நிற்கும் தட்டைக் கூரை வரை தூக்கிவிடும். மேலே ஆள் இருந்தால், கீழே லிஃப்டை இயக்கத் தெரிந்த ஒருவர் நின்றே ஆக வேண்டும் என்பது மில்லின் கண்டிப்பு. அதற்கு என்னைப் போட்டார்கள்.

மேலே அவர் கையில் ஜாய்ஸ்டிக். அதன் விசையை அழுத்திப் பிடித்திருந்தால்தான் வண்டி அசையும். கையை எடுத்தால் நின்றுவிடும். கீழே என் பக்கம் ஒரு சாவி. அதைத் திருப்பினால் மேலே இருக்கிற கண்ட்ரோல் வேலை செய்யாது. ஏற்றுவதும் இறக்குவதும் என் கைக்கு வந்துவிடும். மேலே இருப்பவருக்கு மயக்கம் கியக்கம் வந்தால் இறக்குவதற்காக அந்த ஏற்பாடு. சாயங்காலம் பேட்டரியைச் சார்ஜில் போடுவேன். காலையில் மூடிகளைத் திறந்து டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றுவேன். ஆசிட் நெடி மூக்கில் ஏறும். அவர் பக்கத்தில் நின்று டார்ச் அடிப்பார். பெரிதாக ஒன்றும் பேசிக்கொள்ள மாட்டோம். "சாப்டீகளா?" என்பார். "ம்" என்பேன். அந்த ஒரு கேள்விக்காக நான் காலையில் மில் வேனில் முதல் ஆளாக ஏறி உட்கார்ந்திருந்தது யாருக்கும் தெரியாது.

ஒருநாள் மதியம் பஞ்சு குடோனில் வேலை. மேலே போனதும் காற்றுக்கு வைத்திருந்த சின்ன ஜன்னல் வழியாக வெளியே பார்த்து எனக்குச் சொல்வது அவர் வழக்கம். "வருசநாட்டு மலையில மழை எறங்குதுங்க" என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவர் குரல் மாறியிருந்தது.

"கீழ சாவியத் திருப்புனீகளா?"

"இல்லையே."

"இங்கன ஒண்ணும் வேலை செய்யல. லைட்டே எரியல."

சாவியை என் பக்கம் திருப்பி, இறக்குகிற சுவிட்சை அழுத்தினேன். மோட்டார் சத்தமே இல்லை. சிவப்பு எமர்ஜென்சி பட்டன் தவறிப்போய் அழுந்தியிருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. பேட்டரிப் பெட்டியைத் திறந்தால் தீய்ந்த நாற்றம். தடி வயர் ஒன்று முனை கருகிக் கழன்று கிடந்தது. வண்டி முழுக்கக் கரண்ட் இல்லை.

கரண்ட் இல்லாமலே இறக்குவதற்கு வண்டியின் பின்பக்கம் ஒரு குமிழ் உண்டு. அதை இழுத்துப் பிடித்தால் ஆயில் திரும்பி வழிந்து, தட்டு தன் எடையிலேயே மெல்ல இறங்கும். அதுவரை அதை நான் தொட்டதில்லை.

"வயர் கருகிருச்சு. பின்னாடி குமிழை இழுக்கப் போறேன். கம்பியப் பிடிச்சுக்கங்க" என்றேன்.

"கொஞ்சம் பொறுங்க."

"ஏன், தல சுத்துதா?"

"அதெல்லாம் இல்ல. ஒண்ணு கேக்கணும். கீழ வந்துட்டா எனக்குக் கேக்க வராது."

குடோனில் பஞ்சுப் பொதிகளைத் தவிர யாரும் இல்லை. அவர் கம்பியில் சாய்ந்து குனிந்திருந்தார். பின்னால் ஜன்னல் வெளிச்சம் அடித்ததால் முகம் தெரியவில்லை.

"வீட்ல எனக்குப் பொண்ணு பாக்குறாக. உங்க வீட்டுக்கு வரச் சொல்லட்டுமா?"

"வரச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுக் குமிழை இழுத்தேன். உஸ்ஸென்ற சத்தத்தோடு அவர் இறங்கி வந்தார். கீழே வந்தபிறகு இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல், கருகிய வயரையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

சொன்னபடியே வந்தார்கள். கல்யாணமும் நடந்தது. ஆனால் காண்ட்ராக்ட் வேலை தொடர்ந்து கிடைக்கவில்லை. லிஃப்ட் ஓட்டுவதற்கு முறையாகப் பயிற்சி எடுத்துக்கொண்டு கத்தாருக்குப் போனார். அங்கே அவர் ஓட்டுவது பூம் லிஃப்ட். நீண்ட கையின் நுனியில் கூடை. காலடியில் பெடலை மிதித்திருந்தால்தான் அசையுமாம். நான் ஆண்டிபட்டியில் அம்மா வீட்டிலிருந்து மில்லுக்குப் போகிறேன். ஞாயிற்றுக்கிழமை கம்பத்தில் மாமியாரைப் பார்க்க பஸ் ஏறுகிறேன். சின்னமனூர் தாண்டித் திராட்சைப் பந்தல்கள் வரும்போது பக்கத்து சீட்டில் பையை வைத்துக்கொள்வேன். யாராவது கேட்டால்தான் எடுப்பேன்.

மில்லில் ஃபோர்க்லிஃப்ட் பேட்டரி மூடியை யார் திறந்தாலும் அந்த ஆசிட் நெடி வரும். அன்று முழுக்க எனக்கு வேலை ஓடாது.

போனில் பேசும்போதெல்லாம் கேட்பேன்: "கீழ யாரு நிக்கிறாக?"

"நேபாளத்துக்காரரு. நல்ல ஆளு."

"குமிழை இழுக்கத் தெரியுமா?"

"இதுல குமிழ் இல்ல, தனியா பம்பு இருக்கு. எல்லாம் தெரியும் அவருக்கு" என்று சிரிப்பார். அந்த ஆள் மேல் எனக்கு ஒரு காரணமில்லாத பொறாமை. நாள் முழுக்க அண்ணாந்து அவரைப் பார்த்துக்கொண்டிருக்கிற கண்கள் என்னுடையவை இல்லை.

பொங்கலுக்கு வருவதாக இருந்தது; லீவு கிடைக்கவில்லை. ஆனியில் வருவேன் என்கிறார். அதுவும் தள்ளிப்போய்விடுமோ என்று மாமியாரிடம் நான் இன்னும் சொல்லவில்லை.

போன வாரம் சாப்பாட்டு நேரத்தில் வீடியோவில் வந்தார். வெயிலில் கறுத்து, கன்னம் ஒட்டியிருந்தது. "இருங்க" என்று போனைப் பக்கத்தில் திருப்பினார். ஹெல்மெட் போட்ட ஒருவர் சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் கூச்சத்தோடு கை கூப்பினார். எனக்கு அந்த நேபாளத்துக்காரர் பாஷை தெரியாது. தமிழிலேயே சொன்னேன்: "பாத்துக்கங்க."

என்ன புரிந்ததோ, அவர் தட்டைக் கீழே வைத்துவிட்டுத் தலையாட்டினார். தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டி, பிறகு அண்ணாந்து, மேலே கூடை நிற்கிற உயரத்துக்கு விரல் நீட்டினார்.

போன் மறுபடி இவர் பக்கம் திரும்புவதற்குள் நெட் போய்விட்டது.