ரெஜினா ரீச்சர் கட்டிய பூச்சிகள்

வெள்ளிக்கிழமை காலை கொழும்புத்துறைத் தேவாலயத்தின் மணி அடித்தது. பூசை மணிக்கும் சாவு மணிக்கும் வித்தியாசம் தெரியாமல் இருந்த சைவக்காரி நான்; அந்த ஊர்ப் பாடசாலையில் இத்தனை காலம் படிப்பித்ததில் தெரிந்துகொண்டேன். ஒற்றை ஒற்றையாக, விட்டு விட்டு அடித்தது; சாவு மணி. வீட்டுப் படலையடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தபோதே கோயில் மூப்பர் சைக்கிளில் வந்து ஒரு காலை நிலத்தில் ஊன்றினார்.

“எங்கடை ரெஜினா ரீச்சர் விடியப்புறம் மோசம் போயிட்டா. உங்களுக்குத்தான் முதல் சொல்ல வந்தனான்” என்றார்.

ரீச்சருக்கு நீரிழிவு, எங்கள் பேச்சில் சீனி வருத்தம், முற்றியிருந்ததும், போர்த் தடையால் அதற்கான மருந்து இந்தப் பக்கம் வராமல் மாதக்கணக்கானதும் எனக்குத் தெரியும். தெரிந்திருந்து என்ன பயன்? படலையடியிலேயே குந்திவிட்டேன்.

அவரோடு படிப்பித்தவர்களுக்காகவும் அவரிடம் தையல் பழகிய பெண்களுக்காகவும் இதை எழுதுகிறேன். உங்களில் பலருக்கு அவர் தையல் ரீச்சர். கோணல் தையலைக் கண்டால் ஒரு சொல்லும் சொல்லாமல் முழுவதையும் பிரித்து மடியில் போட்டுவிட்டுப் போகிறவர். வேறு சிலருக்கு, புருசனைக் கடலுக்குக் கொடுத்த பாவப்பட்ட மனுசி. எனக்கு அவர் பூச்சி கட்டுகிறவர்.

பூச்சி என்று அவர் வீட்டில் சொல்வது உயிருள்ள பூச்சியை அல்ல. தூண்டில் முள்ளைச் சுற்றி இறகும் நூலும் வைத்துக் கட்டுகிற பொய் இரை அது. ஓடுகிற வள்ளத்தின் பின்னால் இழுத்துக்கொண்டு போனால், பாரையும் சீலாவும் அதைக் குஞ்சு மீன் என்று நம்பிக் கவ்வும். அவருடைய கணவர் அருளப்பு அண்ணைக்கு அதுதான் தொழில். இவர் வீட்டில் கட்டுவார், அவர் கடலில் இழுப்பார்.

எண்பத்துமூன்றில் நான் மாற்றலாகி வந்த புதிதில், ஆசிரியர் அறையில் அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, “உங்கடை வளவிலை சிவத்த சாவல் நிக்குதோ ரீச்சர்?” என்பது. குழம்புக்குக் கேட்கிறார் என்று நினைத்து, “நாங்கள் கோழி சாப்பிடுறேல்லை” என்றேன் விறைப்பாக.

“சாப்பிடக் கேக்கேல்லை. அதின்ரை கழுத்து இறகு நாலு வேணும்.”

பக்கத்து வீட்டுச் சேவலை நானும் தங்கச்சியும் வளவெல்லாம் துரத்திப் பிடித்தோம். இறகுகளைப் பேப்பரில் சுற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் ஒன்றை எடுத்து யன்னல் வெளிச்சத்தில் பிடித்து மெல்ல ஊதினார். “பெட்டைக் கோழியின்ரை இறகு நனைஞ்சால் ஒட்டிப்போம். இது தண்ணிக்குள்ளையும் தனித்தனியா அசையும்” என்றார். பிறகு, “மீன் மச்சம் தொடாத ஆள் தந்த இறகு. மீன் யோசிக்காமல் நம்பும்” என்று சிரித்தார். அன்றிலிருந்து ஆசிரியர் அறையில் எனக்கு இறகு ரீச்சர் என்று பெயர் வந்துவிட்டது. யார் வைத்த பெயர் என்று எனக்குத் தெரியும். அவர் இதை வாசிக்கட்டும்.

ஒருநாள் பின்னேரம் அவர் வீட்டுக்குப் போனபோது, குசினி வாசலில் பெரிய அலுமினியச் சட்டி நிறையக் கடல்தண்ணீர் வைத்துக்கொண்டு இருந்தார். கட்டி முடித்த பூச்சியை ஒரு நூலில் தொடுத்து, சட்டியின் விளிம்பைச் சுற்றி இழுத்தார். இழுக்கும்போது இறகு ஒடுங்கியது. கையை நிறுத்தியதும் விரிந்து நடுங்கியது. தலைப்பக்கம் தட்டையாக அடித்த ஈயத் துண்டு ஒன்றை வைத்துக் கட்டியிருந்ததால், ஒவ்வொரு இழுவைக்கும் அது தலையைக் குனிந்து எழும்பியது. உரப் பையில் உருவிய இழைகள் இரண்டு பக்கமும் மினுங்கின. அடுத்ததை எடுத்தார். என் கண்ணுக்கு முதலாவதைவிட வடிவான பூச்சி. அரைச் சுற்று இழுத்துப் பார்த்துவிட்டு, “இது செத்துப் போச்சு” என்று கட்டியதை அறுத்து இறகுகளை வெளியே போட்டார்.

“பசியோடை வாற மீன் எதைப் போட்டாலும் கவ்வாதோ?” என்று கேட்டேன்.

“இல்லை ரீச்சர். பசியோடை வந்தாலும், சும்மா நிக்கிறதைப் பாத்துக்கொண்டு போகும். பயந்து ஓடுறதைக் கண்டால் விடாது. அந்தப் பயத்தைத்தான் நான் இதிலை வைச்சுக் கட்டுறன்.”

கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த அருளப்பு அண்ணை தலையை நிமிர்த்தாமலே, “பள்ளிக்கூடத்திலை பிள்ளையளைப் பயப்படுத்திறது காணாதெண்டு இப்ப சாவல் இறகுக்கும் பயம் பழக்கிறா” என்றார். மூன்று பேரும் சிரித்தோம்.

எண்பத்தாறு தைப்பொங்கல் கழிந்த கிழமை அது. எந்த நாளில் கடலுக்குப் போகலாம், எந்த நாளில் கூடாது என்பதை வேறு ஆட்கள் முடிவு செய்யத் தொடங்கியிருந்த காலம். ஆனாலும் அடுப்பு எரிய வேண்டும். அருளப்பு அண்ணை போனார். அன்று அவர் கொண்டுபோனது புதுப் பூச்சி. நத்தார்ப் பண்டிகைக்குத் தேவாலயப் பீடத்துணி தைத்து மிஞ்சிய பச்சைப் பட்டு நூலால் கட்டியது. கன்னியர் மடத்துக்காகக் கொழும்பிலிருந்து வந்த நூல் அது, ஊரில் வேறு யாரிடமும் இல்லை. முதல் நாள் இடைவேளையில் ரீச்சர் அதை என் கையில் வைத்துக் காட்டியிருந்தார்.

அண்ணை திரும்பி வரவில்லை. வள்ளமும் வரவில்லை. தூரத்தில் வெடிச் சத்தம் கேட்டது என்றார்கள் சிலர். ஒன்றும் கேட்கவில்லை என்றார்கள் வேறு சிலர். கடற்படை ரோந்துப் படகு பிடித்துக்கொண்டு போய்விட்டது என்று ஒரு கதை. இந்தியாவுக்குத் தப்பிப்போய் முகாமில் இருக்கிறார் என்று இன்னொரு கதை. ஆளுக்கொன்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

ரெஜினா ரீச்சர் வழக்கம்போல நிறச் சேலை உடுத்துக்கொண்டு பாடசாலைக்கு வந்தார். மாதம் ஒன்று கழிந்ததும் ஊர் வாய் திறந்தது. கோயில் வாசலில் வைத்துக் கேட்ட பெண்களிடம், “கறுப்பு உடுக்கச் சொல்லுறியள். ஆரைப் புதைச்சனீங்கள்?” என்று திருப்பிக் கேட்டார். அதற்குப் பிறகு ஒருவரும் நேரே கேட்கவில்லை.

ஆனால் பூச்சி கட்டுவதை அவர் நிறுத்தவில்லை. இடைவேளையில் கட்டினார், பிள்ளைகள் தைத்துக்கொண்டிருக்கும்போதும் கட்டினார். வீட்டில் யன்னலுக்குக் குறுக்கே கொடி கட்டி, ஒவ்வொன்றையும் அதில் தொங்கவிட்டார். நான் அந்த யன்னலுக்குக் கீழே கதிரையில் இருந்து தேத்தண்ணி குடிப்பேன். கடல் காற்று வந்தால் தலைக்கு மேல் அத்தனையும் ஒரே நேரத்தில் விரிந்து நடுங்கும். துரத்தி வருவது எது என்று அவற்றுக்கு மட்டும் தெரிந்ததுபோல இருக்கும். எனக்கு நிமிர்ந்து பார்க்க மனம் வராது. வீட்டுக்கு வந்த பிறகும், கண்ணை மூடினால் அந்த நடுக்கம் தெரியும்.

அந்த வீட்டில் அருளப்பு அண்ணையின் தாயும் இருந்தார். ரீச்சர் அவரை மாமி என்று கூப்பிட்டதால் நாங்களும் மாமி என்றுதான் சொல்வோம். மகன் போன நாளிலிருந்து மாமி காலையும் பின்னேரமும் கரையில் போய் நின்றார். மகன் வந்ததும் ஈரம் மாற்றி உடுப்பதற்கு அவருடைய உலர்ந்த சாரம் ஒன்று தோளில் கிடக்கும். கண் மங்கியவர், வள்ளம் வந்தாலும் கிட்ட வரும்வரை தெரிந்திருக்காது. அந்த நாட்களில் தண்ணீருக்கு அப்பாலிருந்து படையினர் கரையை நோக்கி வெடி வைப்பது வழக்கமாகிவிட்டது. ஒருநாள் மாமிக்குப் பக்கத்தில் வலை காயப்போடுகிற கம்பு சிதறியது. ரீச்சர் ஓடிப்போய் இழுத்துக்கொண்டு வந்தார். அடுத்த நாள் காலை மாமி மறுபடி அங்கே நின்றார்.

“கும்பிட்டும் பாத்தன், ஏசியும் பாத்தன்” என்றார் ரீச்சர் என்னிடம். “மகன் செத்துப்போனான் எண்டு ஆராவது சொன்னால்தான் வீட்டிலை இருப்பனாம். எனக்குத் தெரியாததை நான் எப்படிச் சொல்லுறது ரீச்சர்? சொல்லாட்டி மாமியையும் குடுக்கப்போறன்.” அவர் அழுது நான் கண்டது அன்றுதான்.

உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய சனிக்கிழமை நான் அவர் வீட்டில் இருந்தேன். அருளப்பு அண்ணையோடு தொழில் செய்த செபமாலை அண்ணை, ஈரச் சீலைத் துண்டில் எதையோ சுற்றிக்கொண்டு வந்தார். வலையில் பட்ட ஒரு பாரையின் கடைவாயில் அது குத்தியிருந்ததாம். முள் கறள் பிடித்து, இறகு பாதி உதிர்ந்துபோயிருந்தது. பச்சைப் பட்டு நூல் மட்டும் நிறம் மாறவில்லை. அதிலிருந்து கை நீளத்துக்குத் தங்கூசி தொங்கியது. தங்கூசி என்பது நைலோன் தூண்டில் நூல்.

அந்தக் கரையில் இருப்பவர்கள் இப்படி ஒன்று கிடைத்தால் முதலில் தங்கூசியின் நுனியைத்தான் பார்ப்பார்கள். பெரிய மீன் இழுத்து அறுந்திருந்தால் நுனி மெலிந்து சுருண்டிருக்கும். கத்தி பட்டிருந்தால் தட்டையாக, கூராக இருக்கும். நேரம் இருக்கிற எவனும் தன் தங்கூசியைத் தானே வெட்ட மாட்டான். வெட்டியிருந்தால், வரக்கூடாத ஒன்று வருவதைக் கண்டிருக்கிறான் என்று அர்த்தம்.

ரீச்சர் அதை வாங்கிக்கொண்டு யன்னலடிக்குப் போனார். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். மாமி சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். ரீச்சர் திரும்பினார்.

“வெட்டின நுனி மாமி. சுருட்டக்கூட நேரமில்லாமல் வெட்டிப்போட்டு ஓடியிருக்கிறார். ஓடினவரை அவங்கள் விட்டிருக்க மாட்டாங்கள்.”

தங்கூசியை மாமியின் கையில் கொடுத்தார். மாமி அதன் நுனியைப் பெருவிரலால் தடவினார். திரும்பவும் தடவினார். பிறகு நிலத்தில் இருந்து, தோளில் கிடந்த சாரத்தை எடுத்து மடியில் வைத்தார். ஒப்பாரி வெளியே வர வெகு நேரம் பிடித்தது.

எனக்குப் பொறுக்கவில்லை. “வெட்ட நேரம் இருந்ததெண்டால் தப்பவும் நேரம் இருந்திருக்கும்தானே அண்ணை?” என்று செபமாலை அண்ணையைக் கேட்டேன். அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு ஈரச் சீலைத் துண்டை மடித்தார்.

விடுமுறை முடிந்து பாடசாலை தொடங்கியபோது ரீச்சர் கறுப்புச் சேலையில் வந்தார்; வருடம் கழிந்ததும் வெள்ளைக்கு மாறினார். சவப்பெட்டி இல்லாமலே அண்ணையின் ஆன்மாவுக்காக இரந்த பூசை வைத்தார்கள். கொடியில் தொங்கிய பூச்சிகளைக் காணவில்லை. இப்போதுதான் புத்தி வந்தது என்றது ஊர். மாமி அதற்குப் பிறகு கரைப்பக்கம் போகவேயில்லை. பல வருடம் இருந்து, போன வருடம் தன் பாயில் படுத்தபடி நிம்மதியாகக் கண்ணை மூடினார்.

போன மாதம் ரீச்சரைப் பார்க்கப் போயிருந்தேன். கால் புண் ஆறாமல் படுக்கையில் இருந்தார். பழையதைக் கதைத்துக்கொண்டிருந்தபோது, குரலைத் தாழ்த்தாமல், சமையல் விசயம் சொல்வதுபோலச் சொன்னார்.

“அண்டைக்கு அந்த நுனி வெட்டின நுனி இல்லை ரீச்சர். மீன் இழுத்து அறுந்தது. மெலிஞ்சு சுருண்டு கிடந்தது. யன்னலடியிலை நிண்டு நான்தான் நூல் வெட்டுற கத்தரிக்கோலாலை நறுக்கினனான். கொண்டு வரேக்கை பாத்த மனுசன் செபமாலை அண்ணை. அவருக்குத் தெரியும். கடைசிவரை வாய் திறக்கேல்லை.”

பெரிய மீன் ஒன்று தங்கூசியை அறுத்துக்கொண்டு போயிருக்கிறது. அவ்வளவுதான் அந்த நுனி சொன்னது. அதன் பிறகு அந்த மனிதருக்கு என்ன நடந்தது என்பதைப் பற்றி அதில் ஒன்றுமே இருக்கவில்லை.

“அப்ப அந்தக் கறுப்பு?”

“அது மாமிக்காக உடுத்தது. பிறகு வெள்ளை உடுத்ததும் மாமிக்காகத்தான். எனக்கு அவர் இன்னும் வரேல்லை, அவ்வளவுதான்.”

“மாமி போன பிறகாவது மாத்தியிருக்கலாமே.”

“மாத்தியிருந்தால் செபமாலை அண்ணையை ஊர் பொய்யன் எண்டு சொல்லியிருக்கும். அவரும் இப்ப மோசம் போயிட்டார். நான் போன பிறகு நீங்கள் எல்லாருக்கும் சொல்லுங்கோ. என்ரை மனுசன் எங்கையாவது இருந்து வந்தாரெண்டால், உன்ரை மனுசி உன்னைச் செத்தவனாக்கிப்போட்டு இருந்தவள் எண்டு ஒருத்தரும் அவருக்குச் சொல்லக்கூடாது.”

சொல்லிவிட்டேன் ரீச்சர். இதற்காகத்தான் எழுதினேன்.

நேற்றுப் பின்னேரம் அவரை வெள்ளைச் சேலையோடு மாமிக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள். விதவை என்றுதான் குருவானவர் சொன்னார். நான் ஒரு பிடி மண் அள்ளிப் போட்டேன். வீடு பூட்டிக் கிடக்கிறது. அருளப்பு அண்ணையை எதிர்பார்த்திருக்க இந்த ஊரில் இனி ஒருவரும் இல்லை. ரீச்சரிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்திருப்பது அந்தக் காத்திருப்புத்தான். பயமாக இருக்கிறது, இருந்தாலும் கீழே வைக்க மனமில்லை.

அருளப்பு அண்ணை, நீங்கள் வந்தால் வேறு எங்கும் போகாமல் நேரே என் வீட்டுக்கு வாருங்கள். அந்தக் கறுப்பும் வெள்ளையும் உங்கள் அம்மாவைக் கரையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவர உடுத்த சேலைகள். உங்கள் மனைவி ஒருநாளும் விதவையாக இருக்கவில்லை.