தென்னந்தோப்பு என்று பதிவான விடுதி

தீவு நகராட்சியில் பெர்பெக்தா நிலமதிப்பு அதிகாரியாகி இருபத்தாறு வருடம் ஆகியிருந்தது. தீவில் எந்தத் துண்டு நிலத்துக்கு என்ன மதிப்பு என்று ஏட்டைப் பார்க்காமலே சொல்வாள். அந்த மதிப்புகளில் பாதி பொய் என்பதும் அவளுக்குத் தெரியும். பதினெட்டு வருடமாக யாரும் திருத்தவில்லை. மதிப்பு ஏறினால் வரி ஏறும், ஓட்டு போய்விடும் என்று ஒவ்வொரு மேயரும் தள்ளிப்போட்டார்.

நகராட்சியோ வரவை மீறிச் செலவழித்துக்கொண்டே இருந்தது. அந்த வருடம் வங்கி கையை விரித்தது. ஓய்வுபெற்ற மருத்துவச்சியின் இடத்துக்கு ஆள் போட முடியாமல், வலியெடுத்த பெண்கள் படகேறி அடுத்த தீவுக்குப் போனார்கள். புதிதாக வந்த மேயர் வேறு வழியில்லாமல், உண்மையான மதிப்பை எழுதித் தரும்படி பெர்பெக்தாவிடம் கேட்டார்.

எழுதினாள். பொய்யும் உண்மையும் மிக அதிகமாக விலகி நின்ற இடம் அவள் தம்பி தியோடுலோவுடையது. கடற்கரையில் பதினான்கு அறை விடுதி கட்டியிருந்தான். ஏட்டில் அது இன்னும் தென்னந்தோப்பு. அப்படி எழுதியிருந்தது அவளுடைய கையெழுத்தேதான். எட்டு வருடத்துக்கு முன் அவன் கடனில் திணறிக்கொண்டிருந்தபோது, அடுத்த வருடம் மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டது.

ஞாயிறு பூசை முடிந்ததும் அவனைத் தேடிப் போனாள். விடுதிக்கு இனி முழு வரி வரும் என்பதை, நகர மன்றத்தில் தெரியுமுன் தன் வாயால் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தாள். அவள் சொன்னதும் அவன் அடுப்பில் மீனைத் திருப்பிக்கொண்டே கேட்டான்.

“அந்த ஏட்டுல இருக்கறது உன் எழுத்துதானே, மனாங்?” அக்காவை அவன் அப்படித்தான் கூப்பிடுவான்.

“என்னுதுதான் தம்பி. அதனாலதான் நானே வந்தேன்.”

“சரி, கட்டறேன். கட்டினா என்ன செய்வாங்க? திருவிழாவுக்கு செபு பட்டணத்துலேர்ந்து பாட்டுக்காரியக் கூட்டிட்டு வருவாங்க. நீ முன்வரிசையில உக்காந்து கைதட்டுவே.”

போன திருவிழாவில் அவள் முன்வரிசையில்தான் உட்கார்ந்திருந்தாள்.

மன்றத்தில் பட்டியலை வாசித்தாள். தம்பியின் பெயரையும், தான் செய்த தவற்றையும் சேர்த்தே வாசித்தாள். பிறகு அவள் வேலைக்குச் சம்பந்தமில்லாத ஒன்றைச் சொன்னாள்.

“திருவிழாச் செலவை நீங்க முதல்ல குறைங்க. அதுக்கப்புறம் ஜனங்ககிட்ட கேளுங்க. இல்லேன்னா என் தம்பி கேட்டதுக்கு நான் என்ன சொல்றது?”

சிலர் சிரித்தார்கள். பட்டியலில் தங்கள் நிலமும் இருந்த மூன்று உறுப்பினர்கள் சிரிக்கவில்லை. நான்கு கூட்டங்கள் சண்டையில் போயின. கடைசியில் வரியை மூன்று வருடத்தில் படிப்படியாக ஏற்றுவது, ஒற்றை வீட்டு மனைகளைத் தொடாமல் விடுவது, திருவிழாச் செலவை மூன்றில் ஒன்றாக வெட்டுவது என்று முடிவானது. பழைய பொய்ப் பதிவுக்காகப் பெர்பெக்தாவுக்கு இரண்டு மாதம் சம்பளமில்லாத இடைநீக்கம். அவள் மேல்முறையீடு செய்யவில்லை.

பற்றாக்குறை முழுதும் தீரவில்லை, பாதியாகக் குறைந்தது. நவம்பரில் மருத்துவச்சி வந்தாள்.

தியோடுலோ வரியைக் கெடுவுக்குள் கட்டினான். அக்காவிடம் மட்டும் பேசவில்லை. ஆனால் மன்றத்தின் பொதுக்கூட்டம் ஒன்றைக்கூட விடுவதில்லை. எழுந்து நின்று, புது ஜீப்பு யாருக்கு, டீசல் எவ்வளவு என்று ஒவ்வொன்றாகக் கேட்பான். உறுப்பினர்களுக்கு அவனைக் கண்டாலே சலிப்பு. பின்வரிசையில் உட்கார்ந்து பெர்பெக்தா கேட்டுக்கொண்டிருப்பாள். வெளியே போகும்போது அவன் அவளைத் தாண்டித்தான் போக வேண்டும். நிற்கமாட்டான். அது அவளுக்கு வலிக்கத்தான் செய்தது. என்றாலும், அவன் கேட்ட கேள்விகளில் ஒன்றுகூட வீண் இல்லை என்று வீட்டுக்கு நடக்கும்போது நினைத்துக்கொள்வாள்.