வலப்பக்கம் பை வைத்த சட்டை

எல்லோரும் அவரை எக்ஸ்ரே என்றே கூப்பிட்டார்கள். ஆஸ்பத்திரியில் இருபத்தாறு வருஷம் எக்ஸ்ரே எடுத்தவர். எதிரே ஒருவர் நடந்து வரும்போதே எந்த முட்டி தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். கேட்காமலே சொல்வார் என்பதுதான் சிக்கல்.

கிடாரில் ஆறு கம்பி உண்டு என்பதற்கு மேல் அவருக்கு வாசிப்பு பற்றி எதுவும் தெரியாது. கடைசிவரை கற்றுக்கொள்ளவும் இல்லை. ஆனால் கேட்பதில் பைத்தியம். மனைவியிடமிருந்து தொற்றிய பைத்தியம் அது. மனைவி டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். "கண்ணாடியப் பாருங்க, கண்ணாடியப் பாருங்க" என்று பகலெல்லாம் கத்திவிட்டு, மாலையில் வீட்டுக்கு வந்து எலக்ட்ரிக் கிடாரை மாட்டிக்கொண்டால் ஆளே மாறிவிடுவார். இடதுகைக்காரர். வலதுகைக் கிடாரைத் தலைகீழாகத் திருப்பி, கம்பிகளை மாற்றிக் கட்டி வாசித்துக்கொண்டிருந்தார். திருப்பிப் பிடித்தால் ஒலிக் குமிழ்கள் மேல்பக்கம் வந்துவிடும். பாட்டு சூடுபிடிக்கும் இடத்தில் முழங்கை குமிழில் பட்டுச் சத்தம் செத்துவிடும். எக்ஸ்ரே ஓடிப்போய் அதைத் திருகிவிடுவார். கச்சேரியில் தன் பங்கு அது என்பார்.

இருவருக்கும் பிடித்த கிடார் கலைஞர் அறுபதைத் தாண்டியவர். ரசிகர்கள் செல்லமாக அவரைப் பெருசு என்பார்கள். பெருசின் கையெழுத்தோடு ஒரு சிக்னேச்சர் மாடல் வரப்போகிறது என்று கிடார் கம்பெனி ஒரே ஒரு வரி வெளியிட்டது. அவ்வளவுதான், ரசிகர்களின் வாட்ஸ்அப் குழுவில் அறுநூறு பேருக்கும் முழுநேர வேலை கிடைத்துவிட்டது. போன கச்சேரியில் பெருசு பச்சை சாக்ஸ் போட்டிருந்தார், அதனால் கிடாரும் பச்சைதான் என்றார் ஒருவர். கம்பியின் ஒலியை வாங்கும் பிக்கப் மூன்றா இரண்டா என்று சண்டை போட்டு, அண்ணன் தம்பி இருவர் வீட்டுக்குள்ளேயே பேச்சை நிறுத்திக்கொண்டார்கள்.

அப்போதுதான் அந்தப் படம் வந்தது. பெருசின் ஒப்பனை அறை என்றார்கள். ஆம்ப்ளிஃபையரில் சாய்த்து நிறுத்திய ஒரு புதுக் கிடார். பக்கத்தில் நாற்காலி, அதன் முதுகில் மாட்டிய சட்டை. படத்தின் ஓரத்தில் யாருடையதோ ஒரு காது. எல்லாமே கலங்கலாக இருந்தது. அது யார் காது என்பதிலேயே குழு இரண்டு நாள் தள்ளியது. பிறகு ஒருவர் எழுதினார்: "எக்ஸ்ரே அண்ணே, மங்கல் படம் பாக்கறது உங்க தொழில். நீங்க பாத்துச் சொல்லுங்க."

எக்ஸ்ரே படத்தைப் பெரிதாக்கினார். குமிழ்கள் இடப்பக்கம் இருந்தன. தடித்த கம்பி வலப்பக்கம் இருந்தது.

"இது இடதுகைக் கிடார்" என்று எழுதினார். "பெருசு வலதுகைக்காரர். அவர் அறையில இது எதுக்கு? கம்பெனி ரெண்டு கைக்கும் செய்யுது. மாதிரி அனுப்பியிருக்காங்க."

குழு கொண்டாடியது. மனைவி படத்தை வாங்கிப் பார்த்தார்.

"நெஜமாவாங்க?"

"நான் எத்தனை எலும்பு பாத்திருக்கேன். ஒரு கிடார் பாக்கத் தெரியாதா?"

கிடார் கடைக்காரர் ஒருவர் மூன்று மாதமாக ஒரு பழைய இடதுகைக் கிடாரை மனைவிக்காகவே எடுத்து வைத்திருந்தார். அப்படியொன்று அவர் கடைக்கு வருவது அபூர்வம். அன்றே மனைவி போன் செய்து வேண்டாம் என்று சொல்லிவிட்டார். "அப்ப சனிக்கிழமை அஞ்சு மணிக்கு ஒருத்தர் வராரு, அவருக்குக் கொடுத்துடறேன். அப்புறம் வருத்தப்படக் கூடாது" என்றார் கடைக்காரர்.

சனிக்கிழமை மூன்றரை மணிக்கு எக்ஸ்ரே அறைக்கு இருமலோடு ஒருவர் வந்தார். நெஞ்சுப் படம். "சட்டையக் கழட்டிடுங்க. பையில இருக்கறத எடுத்து வச்சுடுங்க" என்று வழக்கம்போல் சொல்லிவிட்டு, படம் பதியும் தட்டின் மூலையில் 'எல்' என்ற ஈய எழுத்தை ஒட்டினார். எந்தப் பக்கம் இடது என்று அந்த எழுத்து இல்லாமல் அவர் ஒரு படமும் எடுத்ததில்லை. திரும்பினார். நாற்காலியில் அந்த ஆளின் சட்டை தொங்கியது. பை நெஞ்சின் இடப்பக்கம் இருந்தது.

எக்ஸ்ரே அந்தச் சட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எதாவது பெரிய பிரச்சினையா சார்?" என்று பயந்துபோய்க் கேட்டார் நோயாளி.

"உங்களுக்கு இல்ல. மூச்ச இழுத்துப் பிடிங்க."

வேலை முடிந்ததும் போனைத் திறந்தார். படத்தில் இருந்த சட்டையின் பை நெஞ்சின் வலப்பக்கம். ஓரத்தில் காது. காது எப்படிப் படத்துக்குள் வரும்? எவனோ தன்னைத்தானே எடுத்துக்கொண்ட படம். முன்பக்கக் கேமரா கண்ணாடி மாதிரி இடம் வலமாகத் திருப்பிவிட்டது. அறுநூறு பேர் காதின் சொந்தக்காரனைத் தேடினார்களே தவிர, காது ஏன் வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. பெருசின் கிடார் சாதாரண வலதுகைக் கிடார்.

பேசாமல் இருந்தாலும் அவரை யாரும் குற்றம் சொல்லப்போவதில்லை. கம்பெனி கடைசி நேரத்தில் மனம் மாறிவிட்டது என்று குழுவே ஒரு காரணம் கண்டுபிடித்துவிடும். ஆனால் கடையில் இருக்கும் கிடார் ஐந்து மணிக்குப் போய்விடும். மனைவியை அழைத்தார்.

மனைவி முழுவதையும் கேட்டார். "நாளெல்லாம் கண்ணாடியப் பாருன்னு சொல்றவ நான். எனக்கும் தெரியலையேங்க" என்றார் பிறகு. "வாசல்ல நில்லுங்க, வரேன்."

தலையில் பலகை வைத்த பயிற்சிக் கார் வந்து நின்றது. ஓட்டியது ஒரு பல் டாக்டர் அம்மா. நான்காவது நாள் பாடம்.

"கொஞ்சம் வேகமாப் போகலாமா டாக்டர்?" என்றார் பின்சீட்டிலிருந்து எக்ஸ்ரே.

"இருபதுல போறேனே சார்."

"பக்கத்துல சைக்கிள் நம்மளத் தாண்டிப் போகுது."

"அவருக்கு என்ன அவசரமோ" என்றார் டாக்டர். மனைவி தன் பக்கத்து பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட்டு, "நான் இருக்கேன், அழுத்துங்க" என்றார். முப்பதைத் தொட்டபோது டாக்டர் கண்களை மூடிக்கொண்டதாக எக்ஸ்ரே பிற்காலத்தில் சொல்வதுண்டு. டாக்டர் அதை மறுப்பார்.

கடையை அடைந்தபோது ஐந்துக்கு ஐந்து நிமிஷம். ஆனால் அந்த ஆள் முன்பே வந்துவிட்டிருந்தார். சீருடையில் கிரீஸ் கறை, மார்பில் லிஃப்ட் கம்பெனியின் முத்திரை. லிஃப்ட் மெக்கானிக். கிடார் மேசைமேல் பெட்டியோடு இருந்தது.

"மன்னிச்சுக்கோங்க" என்று கடைக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "எனக்கு இது வேண்டாம்னு நேர்ல சொல்லத்தான் வந்தேன். பெருசு மாடலே இடதுகைக்கு வருதாம். எங்க குழுவுல எக்ஸ்ரேன்னு ஒருத்தர் உறுதியாச் சொல்லிட்டாரு."

கடைக்காரர் மனைவியைப் பார்த்து முகம் மலர்ந்தார். "நல்ல நேரத்துல வந்தீங்கம்மா. கிடார் உங்களுக்குத்தான்."

எக்ஸ்ரே கதவுப் பக்கம் பார்த்தார். வாயைத் திறக்காமல் இரண்டு நிமிஷம் நின்றால் போதும். மெக்கானிக் கதவைத் தாண்டிப் போய்விடுவார், கிடார் வீட்டுக்கு வந்துவிடும். மனைவி மேசையிடம் போய், பெட்டியின் மேல் கை வைத்து, கம்பிகளைத் தொடாமல் நின்றார். தொட்டால் விட மனம் வராது என்று அவருக்குத் தெரியும். திரும்பிப் பார்க்காமலே, "சொல்லிடுங்க" என்றார்.

"தம்பி" என்றார் எக்ஸ்ரே, "அது தப்பு. இடதுகை மாடல் வரல."

"சும்மா இருங்க சார். எக்ஸ்ரே சொன்னா சொன்னதுதான்."

"நான்தான் எக்ஸ்ரே."

மெக்கானிக் மேலும் கீழும் பார்த்தார். "எக்ஸ்ரே இன்னும் கொஞ்சம் உயரமா இருப்பாருன்னு நெனச்சேன்."

"நானும் சின்ன வயசுல அப்படித்தான் நெனச்சேன்."

போனை நீட்டினார். சட்டைப் பையைக் காட்டினார், காதைக் காட்டினார். மெக்கானிக் வெகுநேரம் பார்த்தார். "இடதுகைக்காரன் சட்டையா இருந்தா?" என்று கடைசியாக ஒரு முயற்சி செய்தார்.

"உங்க சட்டையில பை எந்தப் பக்கம்?" என்றார் மனைவி.

மெக்கானிக் குனிந்து தன் மார்பைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

இரண்டு இடதுகைக்காரர்கள், ஒரே கிடார். முதல் உரிமை மெக்கானிக்குக்குத்தான். அவர் அதை எடுத்து வாசித்தார். பிறகு மனைவியிடம் கொடுத்து, "நீங்களும் ஒரு தடவ" என்றார். மனைவி வாசித்து முடிக்கும்வரை கடைக்காரர் போனை எடுக்கவில்லை, மணி அடித்தும்.

"எனக்கு ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் இரவு வேலை" என்றார் மெக்கானிக். "அந்த வாரம் பகலெல்லாம் தூங்குவேன். கிடார் பெட்டியிலதான் கெடக்கும். ரெண்டு பேரும் சேந்து எடுத்துக்கிட்டா என்னங்க?"

மனைவி சரி என்றார். ஆரம்பத்தில் சனிக்கிழமைதோறும் இந்த வீட்டுக்கும் அந்த வீட்டுக்குமாகக் கிடாரை ஏற்றிப் போனது பல் டாக்டரின் பயிற்சிக் கார். உடையும் சாமான் பின்னால் இருந்ததால் அவர் சீக்கிரமே நன்றாக ஓட்டக் கற்றுக்கொண்டார்.

அன்று மாலையே எக்ஸ்ரே குழுவில் தன் தவறை எழுதினார். பாதிப் பேர் நம்பவில்லை. கம்பெனி அவர் வாயை அடைத்துவிட்டது என்றார்கள். மாடல் வலதுகைக்கு மட்டும் வந்தபோது, இடதுகை அடுத்த வருஷம் என்றார்கள். பச்சை சாக்ஸ்காரர் மட்டும் ஜெயித்தார்.

இந்த ஏற்பாடு ஒன்பது வருஷம் நடந்தது. எக்ஸ்ரே இறந்த வாரம் மெக்கானிக்கின் முறை. அவர் வேலை உடையிலேயே வந்து, கிடாரை ஹாலில் வைத்துவிட்டுப் போனார். இரண்டு சனிக்கிழமைகள் யாரும் அதைத் தொடவில்லை. மூன்றாவது சனிக்கிழமை மனைவி கிடாரோடு தானே காரை எடுத்துக்கொண்டு போய் மெக்கானிக் வீட்டு மணியை அடித்தார்.

"உங்க முறை" என்றார். "மேல்கம்பி ரெண்டும் புதுசு. நேத்துதான் மாத்தினேன், வாசிச்சதுல அறுந்துடுச்சு."