வடிகட்டியில் அரளிப்பூ

ஜூடு கட்டிக் கொடுத்த என்ஜின் ஒன்று போன மாதம் கொட்டாம்பட்டி ரோட்டில் ஜாமாகி நின்றது. அன்றிலிருந்து பட்டறை முதலாளி காசிமாயன் அவனிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. தக்காளி வேன் என்ஜினை ஒப்படைத்தபோதும் சுள்ளென்றுதான் சொன்னார்.

"இதுவும் போச்சுன்னா, இனிமே நீ பிரேக் வேலை மட்டும் பாரு மாப்ள."

என்ஜின் வேலைதான் ஜூடுக்கு உயிர். பார்த்துப் பார்த்துக் கட்டினான். அதுவே இப்போது மானத்தை வாங்கியது. ஸ்டார்ட் செய்ததும் ஆயில் பிரஷர் ஜம்மென்று ஏறியது; கொஞ்சம் ஓடியதும் தடாலென்று இறங்கி, சிவப்பு விளக்கு எரிந்தது.

மீட்டர் பொய் சொல்கிறதோ என்று தனியாக ஒரு கேஜ் மாட்டினான். அதுவும் அதையே காட்டியது. பில்டரை மாற்றியும் பயனில்லை. பேரிங்கில் இடைவெளி அதிகமாகி ஆயில் ஒழுகிப் பிரஷர் இறங்குகிறதோ? அப்படியென்றால் தப்பு அவன் கையில்தான்.

ஆனால் பேரிங் கோளாறு என்றால் என்ஜின் ஆறும்வரை பிரஷர் ஏறாது. இதுவோ அணைத்துப்போட்டால் சூடு குறையும் முன்பே சரியாகிவிடுகிறது. எதுவோ ஆயில் உறிஞ்சும் வாயில் போய் ஒட்டுகிறது, நிறுத்தினால் விழுந்துவிடுகிறது.

அடியில் ஆயில் தொட்டியைக் கழற்றினான். தொட்டியிலும் உறிஞ்சும் வாயின் வடிகட்டி வலையிலும் சிவப்பு அரளி இதழ்கள் ஊறிக் கிடந்தன.

வண்டிக்குப் பூஜை போட்டு பானெட் மேல் வைக்கிற பூ தானாக உள்ளே போகாது. மேலே ஆயில் மூடியைத் திறந்து யாரோ போட்டிருக்க வேண்டும்.

"அண்ணே, இங்க வாங்க."

பார்த்ததும் காசிமாயன் முகம் சுருங்கிப்போனது.

"நீ சாப்பிடப் போயிருந்தப்பதான்... கருப்பன் கோயில் பூ மாப்ள. இதாச்சும் ஒழுங்கா ஓடணும்னு போட்டேன்."

"என் வேலை மேல அம்புட்டுப் பயமாண்ணே?"

அவர் வலையிலிருந்த இதழ்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தார். திட்டியிருந்தால்கூட ஜூடுக்கு இவ்வளவு வலித்திருக்காது.

வலையைக் கழுவி மாட்டி ஸ்டார்ட் செய்ததும் பிரஷர் முள் ஏறி, இறங்காமல் நின்றது. காசிமாயன் சிரித்தபடி தோளைத் தட்டினார்.

"அடுத்த என்ஜினும் உனக்குத்தான்யா."

ஜூடு தலையாட்டினான்.

அடுத்த என்ஜினைக் கட்டி முடித்த மதியம் அவன் சாப்பிட வெளியே போகவில்லை. டிபன் பாக்ஸை அதன் ஆயில் மூடிக்குப் பக்கத்திலேயே திறந்துவைத்துச் சாப்பிட்டான். காசிமாயன் அதைப் பார்த்துவிட்டு வந்த வழியே திரும்பிப் போனார்.